மிச்சச் சட்டம்

ஒரு வீட்டுக் குளியலறையில் ஒரு கண்ணாடி இருந்தது. ராஜா ராணி காலத்துக் கதை இல்லை இது. வாளியெல்லாம் பிளாஸ்டிக்காக மாறிய பிறகு நடந்தது.

மொட்டைக் கண்ணாடி. சட்டம் கிடையாது. நாலு கிளிப் பிடித்திருக்க, சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். ஓரமெல்லாம் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. கூடத்துக் கண்ணாடிகளுக்கு என்ன குறை? வருகிறவர் போகிறவர், விருந்தாளி, கல்யாணத்துக்குக் கிளம்பும் பட்டுப்புடவை என்று எல்லாம் கிடைக்கும். குளியலறைக் கண்ணாடிக்கு ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான். அந்த ஆளும் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து, வாயெல்லாம் நுரையாகக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். மிச்ச நேரமெல்லாம் எதிர்ச் சுவர். அதில் நீல டைல்ஸ், ஒன்றில் மட்டும் விரிசல். அந்த விரிசலைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடிக்குப் பாதி ஆயுள் போயிருந்தது.

ஆள் இல்லாத நேரம் என்றாலே அதற்குப் பயம்.

"முகம் ஒண்ணு எதிர்ல இல்லேன்னா நானும் சுவருதானே" என்று வாளியிடம் புலம்பும்.

"நீயாவது சுவரு. தண்ணி இல்லேன்னா நான் என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு வாளி கவிழ்ந்து படுத்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் இரண்டே பேர். நாகலிங்கம், பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி குணவதி. காலையில் முதலில் குளிக்க வருவது குணவதிதான். ஹீட்டரைப் போட்டு, வெந்நீரில் குளித்து, அறை முழுக்க ஆவியைக் கிளப்பிவிட்டு, போகிற போக்கில் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு முறுக்கு மீசை வரைந்துவிட்டுப் போவாள். அவள் குள்ளம். கணவரின் முகம் எங்கே வரும் என்று மனக்கணக்குப் போட்டு, குதிகாலை எம்பி, சரியாக அந்த உயரத்தில் வரைவாள்.

அடுத்துக் குளிக்க வரும் நாகலிங்கத்தின் முகம் அந்த மீசைக்குப் பின்னால் போய் நிற்கும்.

"என்ன குணா இது, சின்னப் புள்ளை மாதிரி!" என்று உள்ளேயிருந்து கத்துவார்.

"நீங்களா வைக்க மாட்டேங்கறீங்க. நானாவது வெச்சு விடறேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

அவருக்கு மழமழவென்று மழித்த முகம். மீசை வையுங்கள் என்பது அவளுடைய நெடுநாள் கோரிக்கை. அதற்கு அடுத்தது இந்தக் கண்ணாடிக்கு ஒரு சட்டம்.

"ஓரமெல்லாம் மொட்டையா நிக்குது. பூவேலை செஞ்ச சட்டமா ஒண்ணு போடுங்களேன்."

"பாத்ரூம் கண்ணாடிக்கு எதுக்குடி அலங்காரம்? யாரு பார்க்கப் போறா?"

"தினம் நான் பார்க்கறேன்ல? நான் ஆள் இல்லையா?"

இரண்டையும் அவர் செய்யவில்லை. மறுக்கவும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். நாமெல்லாம் அப்படித்தானே இருந்துவிடுகிறோம்.

அந்த மீசையை அவர் என்றைக்கும் துடைத்ததில்லை. ஆவி ஆறினால் அதுவாகவே மறைந்துவிடும். கண்ணாடியும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. நாளைக்குத்தான் இன்னொன்று வரப்போகிறதே.

ஒருநாள் காலை மீசை வரைந்துவிட்டுப் போனவள், மறுநாள் வரவில்லை.

குளியலறைக் கண்ணாடிக்கு யார் வந்து தகவல் சொல்வார்கள்? சில நாள் வீடே பூட்டிக் கிடந்தது. அதன் பிறகு ஒருநாள் சாயங்காலம் ஆட்கள் வரிசை கட்டி வந்து, ஒருவர் மாற்றி ஒருவராகப் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு போனார்கள். அத்தனை முகங்களைக் கண்ணாடி அதுவரை பார்த்ததே இல்லை. ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று அதற்கு ஒரே குஷி. எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

கூட்டம் போன பிறகு நாகலிங்கம் மட்டும் வந்தார். அவர் ஹீட்டரைப் போடவில்லை. அந்த சுவிட்சைப் போடுவது எப்போதும் அவள் வேலை. பச்சைத் தண்ணீரை நாலு மக் ஊற்றிக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். மறுநாளும் அப்படியே. கன்னத்தில் வெள்ளை முள் முளைத்து, வளர்ந்து, தாடியானது. முதுகு வேறு வளைந்திருந்தது.

"அந்தம்மா ஊருக்குப் போயிருக்காங்களோ?" என்று கண்ணாடி வாளியிடம் கேட்டது.

கூட்டம் வந்த அன்றைக்கு வாளியை வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது எதையோ பார்த்திருந்தது. ஆனால் கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

கண்ணாடி காத்திருந்தது. விரிசலைப் பார்த்துக்கொண்டு, அந்த எம்பி வரும் விரலுக்காகக் காத்திருந்தது. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை அதற்கு என்ன இருக்கிறது?

அப்படி இருக்கையில் ஒருநாள் நாகலிங்கம் கையில் ஒரு நீளச் சட்டத்தோடு உள்ளே வந்தார். தங்க நிறப் பூக்கொடி ஓடும் சட்டம். இன்னொரு கையில் ரம்பமும் பசையும். தரையில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார். டெப்போவில் பஸ் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மூலையைச் சாய்த்து வெட்டத் தெரியவில்லை. முதல் துண்டையே எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டிக் கெடுத்தார். அதனால் கடைசித் துண்டு குறைந்துவிட்டது. கண்ணாடியின் ஓரத்தை மட்டும் துணியால் துடைத்து, பசை தடவி, நாலு பக்கமும் ஒட்டினார். இடது கீழ் மூலையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி.

"இந்தா குணா, கேட்டியே" என்றார்.

கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. கதவு சாத்தியதும் கூவியது. "வாளி, கேட்டியா! அந்தம்மா ஆசைப்பட்ட சட்டம்! ஊர்லேர்ந்து வந்ததும் பார்க்கப் போறாங்க!"

வாளி அசையவில்லை. புதுச் சட்டம்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. கடையில் வளர்ந்த மரியாதை அதற்கு இருந்தது.

"வணக்கமுங்க. போனவர் பேரு என்னங்க?"

"எங்க போனவரு?"

"நான் சுத்தி நிக்கப்போற ஆளைக் கேக்கறேன். எப்போ தவறினாரு? வயசாளியா, சின்ன வயசா? தெரிஞ்சாத்தானே அதுக்கேத்த மாதிரி நிக்க முடியும்."

"இங்க யாரும் தவறலை. இது குளியலறை. நான் கண்ணாடி."

"அப்போ சாமியா?"

"பல்லு விளக்க வர்றவரு."

சட்டம் குழம்பிப் போனது. "எங்க கடை படத்துக்குச் சட்டம் போடற கடைங்க. இந்தப் பூக்கொடி டிசைன் ரெண்டு பேருக்குத்தான் போவோம். ஒண்ணு சாமி, இல்லேன்னா போய்ச் சேர்ந்தவங்க. உசுரோட இருக்கறவங்களுக்கு எங்களைப் போட்டதா நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்க அண்ணன் கூடத்துல சரியாத்தான் நிக்கறான்."

"எந்த அண்ணன்?"

"நானும் அவனும் ஒரே நீளத்துல பிறந்தோம். சட்டம் முழு நீளமாத்தான் வரும். படத்துக்கு வேண்டியதை வெட்டினது போக மிச்சம் நான். மிச்சத்தை நீங்களே எடுத்துட்டுப் போங்கன்னு கடைக்காரர் குடுத்துவிட்டார். அண்ணன் ஒரு அம்மாவைச் சுத்தி நிக்கறான். மாலை போட்டிருக்கு. சின்ன பல்பு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

"அந்தம்மா எப்படி இருப்பாங்க?"

"மூக்குத்தி போட்டிருப்பாங்க. ஏதோ குறும்பு பண்ணிட்டு, சிரிக்கறதா வேண்டாமான்னு யோசிக்கற மாதிரி வாயை வெச்சிருப்பாங்க."

கண்ணாடி எதிர்ச் சுவரைப் பார்த்தது. விரிசல் அதே இடத்தில் இருந்தது.

"வாளி, அன்னைக்கு அவ்வளவு பேரு வந்தாங்களே..."

"ஆமா" என்றது வாளி.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ குஷியா இருந்தே. எப்படிச் சொல்றது?"

கண்ணாடியால் அழ முடியாது. அழுகிறவரைக் காட்டத்தான் முடியும். அன்றைக்கு எதிரே யாரும் இல்லாததால் அந்தத் துக்கம் முகம் இல்லாமல் கிடந்தது. பிறகு அது சொன்னது: "இத்தனை வருஷமா தினம் பார்த்தேன். ஒரு முகம்கூட எங்கிட்ட இல்லை. உங்க அண்ணன் நேத்து வந்தவன், அவன்கிட்ட இருக்கு."

"எங்க தொழில் அதுதானே" என்றது சட்டம். அதில் கர்வம் இல்லை. உள்ளதைச் சொன்னது. "உள்ளே வந்தா அசையக் கூடாது. அசைய விடமாட்டோம். ஒரே ஒரு முகம்தான் வெச்சுப்போம், ஆனா விடமாட்டோம்."

மறுநாள் காலை நாகலிங்கம் பல் விளக்க வந்தார். பல நாளைக்குப் பிறகு தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். கூடத்தில் அவள் இருக்கும் அதே பூக்கொடிக்குள் அவர் முகம். வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். மெல்ல பிரஷ்ஷை எடுத்துக் கீழே வைத்தார். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண் கொட்டாமல், படத்தில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பல் விளக்குகிறாரோ இல்லையோ, வந்து நிற்பார். நிற்கிற நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனது. சாயங்காலம் டெப்போ பக்கம் போய் டீ குடிக்கிற பழக்கம் நின்றது. வேட்டி மாற்றுவதும் குறைந்தது.

"நல்லா வர்றாரு" என்றது சட்டம். "இன்னும் கொஞ்சம் மூச்சைக் குறைச்சா சரியாயிடும்."

"வேண்டாம். அவரை விடு" என்றது கண்ணாடி.

"நானா பிடிச்சேன்? அவரா வந்து நிக்கறாரு."

அது உண்மைதான். கண்ணாடி யோசித்துப் பார்த்தது. ஒருத்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாமல் விட்டாயிற்று. இப்போது இன்னொருத்தர் தன் கண்ணெதிரிலேயே படமாகிக்கொண்டிருக்கிறார். கத்தலாம் என்றால் அதன் குரல் வாளிக்கும் சட்டத்துக்கும் மட்டும்தான் கேட்கும். அவர் அசையாமல் நின்றால் கண்ணாடியும் அசையாமல்தான் காட்டியாக வேண்டும்.

அந்த வாரத்தில் குணவதியின் தங்கை தமயந்தி ஊரிலிருந்து வந்தாள். கை கழுவக் குளியலறைக்கு வந்தவள் கண்ணாடியைப் பார்த்து அலறிவிட்டாள்.

"ஐயய்யோ! அத்தான்! இங்க வாங்க! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

நாகலிங்கம் மெதுவாக வந்து கதவருகே நின்றார்.

"உங்கக்கா கேட்டா. போட்டேன்."

"அக்கா சட்டம் கேட்டா, அக்கா படத்துக்குப் போட்ட சட்டத்தையா போடுவாங்க? உசுரோட இருக்கற மனுஷன் தினம் இதுலயா மூஞ்சி பார்க்கறது? முதல்ல பிய்ச்சு எறிங்க!"

"இருக்கட்டும் தமயந்தி. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு நானும் அதுக்குள்ள போறவன்தானே. அளவு சரியா இருக்கான்னு பார்த்துக்கறேன்."

தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா போனபோது அழுததைவிட இப்போது அதிகம் அழுதாள். அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தவள் திடுக்கிட்டாள்.

"கை என்ன இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு? பச்சைத் தண்ணியிலயா குளிக்கறீங்க? ஹீட்டர் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. போடலை."

அவள் எட்டி சுவிட்சைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அத்தான், வெந்நீர் ஆயிருச்சு. போய்க் குளிச்சிட்டு வாங்க, சூடா சாப்பிடலாம்." அக்காவின் குரலே அவளுக்கும். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வினாடி படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

வெந்நீர் வாளியில் விழுந்தது. "அப்பாடா" என்றது வாளி. அறையில் ஆவி ஏறியது. நீலச் சுவர் மறைந்தது, விரிசல் மறைந்தது. கண்ணாடிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. இப்படி மங்கி எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டது.

அப்போதுதான் அதற்குத் தன் மேல் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. எல்லா இடத்திலும் ஆவி வெள்ளையாகப் படிந்தது. நடுவில் மட்டும் ஒரு கோட்டில் படிய மறுத்தது. அந்தக் கோடு இடப்பக்கம் வளைந்து மேலே ஏறிச் சுருண்டது. வலப்பக்கமும் அதேபோல் ஏறிச் சுருண்டது. கடைசி நாள் காலையில், எம்பி நின்று அவள் விரல் போன தடம். ஆவி ஆறினால் போய்விடும் என்று கண்ணாடி இத்தனை நாள் நம்பியிருந்ததே, அது எங்கேயும் போகவில்லை. வெந்நீர் இல்லாததால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

"இது என்ன கண்றாவி?" என்றது சட்டம். "என் நடுவுல யாரு மீசை போட்டது?"

"அந்தம்மா" என்றது கண்ணாடி.

நாகலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். பார்த்தார். ஒரு முறை கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தார். கிட்டத்தில் வந்தார்.

முதுகு வளைந்து போயிருந்ததால் மீசை அவருக்கு நெற்றியில் நின்றது. அவள் போட்ட கணக்கு நிமிர்ந்து நிற்கும் மனுஷனுக்கான கணக்கு. அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். மீசை மூக்குக்கு இறங்கியது. இன்னும் நிமிர்ந்தார். முதுகில் ஏதோ மளுக்கென்றது. மீசை சரியாக உதட்டுக்கு மேல் வந்து உட்கார்ந்தது.

"என்ன குணா இது, சின்னப் புள்ளை மாதிரி" என்றார்.

சொன்ன பழக்கத்தில் பதிலுக்காகக் காது கொடுத்தார். பதில் வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தார், மீசை கன்னத்துக்குப் போனது. வலப்பக்கம் சாய்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் குலுங்கினார், குலுங்கியது அழுகையானது. கூட்டமாக ஆட்கள் வந்து குளித்துவிட்டுப் போன அன்றுகூட இந்த அழுகை வெளியே வரவில்லை.

"ஆடறாரு!" என்று பதறியது சட்டம். "ஆடக் கூடாதே! அழறாரு வேற! அழற முகத்தை நான் இதுவரைக்கும் பிடிச்சதே இல்லையே. இதை எங்க பிடிக்கறது?"

"பிடிக்காதே" என்றது கண்ணாடி. "சும்மா சுத்தி நில்லு, போதும்."

சட்டம் நின்றது. தொழிலில் இல்லாத வேலைதான். ஆனாலும் நின்றது.

ஆவி ஆறியது. மீசை மங்கி மறைந்தது. கண்ணாடி இந்த முறை பதறவில்லை. நாகலிங்கம் முகத்தைக் கழுவிக்கொண்டு, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ரேசரை எடுத்தார். பழைய பிளேடை மாற்றி, சோப்பைத் தேய்த்து, ஒரு கன்னத்தை மழித்தார். மறு கன்னத்தை மழித்தார். தாடையை மழித்தார். உதட்டுக்கு மேலே வந்ததும் கையை நிறுத்தி, ரேசரைக் கழுவி வைத்துவிட்டார்.

வெள்ளை மீசை. ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. முறுக்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இரண்டு விரலால் முறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு அவர் போன பிறகு வெளியே பேச்சுக் கேட்டது.

"அத்தான்! என்ன இது, மீசையா?"

"உங்கக்கா கேட்டது."

"நல்லாவே இல்லை."

"இன்னும் வளரணும்ல? கொஞ்ச நாள் பொறு."

சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஓசை. கொஞ்ச நேரத்தில் செருப்பு மாட்டும் ஓசை.

"வெயில்ல எங்க கிளம்பிட்டீங்க?"

"டெப்போ வரைக்கும். நம்ம பசங்க பார்த்தா என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாம்."

வாசல் கதவு திறந்து மூடியது. வீடு அடங்கிப் போனது. குளியலறையில் வாளி கவிழ்ந்து தூங்கியது. எதிரே நீலச் சுவர், அதே விரிசல். வேறு யாரும் இல்லை.

சட்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எனக்குள்ள இப்போ யாருமே இல்லையே. ஒரு சட்டத்துக்கு இதைவிடக் கேவலம் உண்டா? கீழ் மூலையில இடைவெளி விட்டு ஒட்டினாரே, அது வழியா நழுவிட்டாரோ?"

"வாசல் வழியாத்தான் போயிருக்கார்" என்றது கண்ணாடி. காலியாக இருப்பதற்கு வாழ்நாளெல்லாம் பயந்த அந்தக் கண்ணாடி, விரிசலைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னது: "உசுரோட இருக்கற ஆளுக்குப் போட்ட சட்டம் பாதி நேரம் காலியாத்தான் இருக்கும். பழகிக்கோ."